ஈரத் தலையில் படும் சூடு

தமிழ்நாட்டுப் பெண்களின் கூந்தலுக்குச் சூடு காட்டும் வழக்கம் மின்சாரத்தோடு வந்ததல்ல. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியபின் தணலில் சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரித்து உலர்த்திய பாட்டிமார் நேற்றுவரை இருந்தார்கள். சில வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். சங்கப் பாடல்களிலேயே அகில் புகை ஊட்டிய கூந்தல் பேசப்படுகிறது. மணம் ஏற்றுவது அதன் ஒரு பயன் என்றால், அடர்ந்த நீள முடியை வேரிலிருந்து உலர்த்துவது இன்னொரு பயன். ஆகவே 'இயற்கையான முடிக்குச் சூடே ஆகாது' என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை நம் வழக்கத்தோடு பொருந்தவில்லை. ஆய்வகச் சான்றுகளோடும் அது முழுதாகப் பொருந்தவில்லை என்பதுதான் இன்னும் முக்கியம். முடியைக் கெடுப்பது எது என்று சான்றுகளை வரிசையாகப் பார்த்தால், குற்றவாளி சூடு தனியாக இல்லை, கூட்டாளி ஒன்று இருக்கிறது என்று தெரியும். ஈரம்தான் அந்தக் கூட்டாளி.

இதை வளையமாதேவியை மனத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரத்தில் உள்ள இந்த ஊர், 2023 ஜூலையில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் ஊடே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது நாடறிந்த பெயரானது. செய்தி ஓய்ந்தபின் அங்கே நடப்பது எல்லா ஊரிலும் நடக்கும் வாழ்க்கைதான்: பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்கள், கல்யாணத்துக்கு வரவழைக்கப்படும் பார்லர்காரர், இணையத்தில் வாங்கிய ஸ்ட்ரெய்ட்னர். ஆனால் கூந்தல் பராமரிப்பைப் பற்றி நாம் படிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில், தோள்வரை வெட்டிய முடிக்காக எழுதப்பட்டவை. கோடையில் கொளுத்தி, ஐப்பசி கார்த்திகையில் கடற்காற்றும் மழையும் ஊறும் கடலூர் மாவட்டத்தில், இடுப்புவரை முடி வளர்ப்பவருக்கு அவை அப்படியே ஒத்துவரா.

நீளத்திலிருந்து தொடங்குவோம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது, ஆண்டுக்குப் பதினைந்து. முக்கால் மீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஐந்து வயதானது. பத்தாம் வகுப்பில் முளைத்த முடியின் நுனி கல்லூரி முடிக்கும்போதும் அந்தப் பெண்ணோடு இருக்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கான குளியல்களையும் சீப்பு இழுப்புகளையும் வெயிலையும் பார்த்துவிட்டது. முடியில் உயிர் வேரில் மட்டும்தான். வெளியே வந்த பகுதி கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. அதன் மேல் ஓடுகள் போல அடுக்கிய செதில்கள், உள்ளே நார்க்கட்டுகள், இரண்டையும் ஒட்டிவைக்கும் மெல்லிய கொழுப்புப் படலம். தோல் காயம் ஆறுவதைப்போல இது ஆறாது. ஒருநாள் பட்ட சேதம் வெட்டி எறியும்வரை அங்கேயே இருக்கும், அடுத்த நாள் சேதம் அதன்மேல் சேரும். அதனால் 'வாரத்துக்கு எத்தனை முறை அயர்ன் செய்யலாம்' என்ற கேள்வியே அரைகுறையானது. குட்டை முடிக்காரரின் நுனி ஆறு மாதச் சூட்டைத் தாங்கினால் போதும். இடுப்புவரை வளர்ப்பவரின் நுனி ஐந்தாண்டுச் சூட்டைத் தாங்க வேண்டும். வேருக்கருகே இருக்கும் புது முடிக்கும் நுனிக்கும் ஒரே சூட்டை வைப்பது, குழந்தைக்கும் கிழவிக்கும் ஒரே சுமையைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

இனி ஈரம். உலர்ந்ததாகத் தோன்றும் முடியிலும் அதன் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் நீர் இருக்கிறது; நனைந்தால் அதன் எடையில் மூன்றிலொரு பங்கு வரைகூட உறிஞ்சி இழை பருக்கிறது. அந்த நிலையில் கொதிநிலைக்கு மேற்பட்ட சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி இழையை உள்ளிருந்தே ஊதிவிடுகிறது. நுண்ணோக்கியில் அந்த முடி துளைத்துளையாகத் தெரியும். தோல் மருத்துவத்தில் 'குமிழ் முடி' என்ற பெயரோடு 1980களில் பதிவான கோளாறு இது. முடி ஆங்காங்கே ஒடிந்து, ஒரு பகுதி மட்டும் தேங்காய் நார்போல் விறைத்து நிற்கும். 1994-இல் வெளியான ஆய்வுகள் அதன் வரம்புகளைக் காட்டின: 175 டிகிரி செல்சியஸை எட்டும் ட்ரையரால் இது வரலாம், ஈர முடியை 125 டிகிரி கர்லிங் இரும்பில் ஒரு நிமிடம் வைத்தாலே வரலாம். இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் எந்த ஸ்ட்ரெய்ட்னருக்கும் 125 டிகிரி என்பது மிகத் தாழ்ந்த சூடு. பெரும்பாலானவை 150-இல் தொடங்கி 230 வரை போகின்றன. புரதத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. நன்கு உலர்ந்த முடியில் கெரட்டினின் சுருள் அமைப்பு குலைய 230 டிகிரிக்கு மேல் வேண்டும். நீரில் ஊறிய முடியில் 150 அளவிலேயே குலைந்துவிடுகிறது. அதாவது துவட்டிவிட்டு அவசரமாக இரும்பை வைப்பவர், உலர்த்திவிட்டு வைப்பவரைவிட ஏறத்தாழ எண்பது டிகிரி பாதுகாப்பை இழக்கிறார். முடியிலிருந்து 'சுர்' என்று சத்தமும் ஆவியும் வந்தால் அழகு ஏறுகிறது என்று எண்ணும் பழக்கம் சில பார்லர்களில் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் நீர் கொதிக்கும் சத்தம்.

அப்படியானால் சூடே வேண்டாம், காற்றில் உலரட்டும் என்பது அடுத்து வரும் வாதம். இங்கேதான் சான்று எதிர்பாராத பக்கம் சாய்கிறது. 2011-இல் கொரிய ஆய்வாளர்கள் வெட்டிய முடிக்கற்றைகளை ஷாம்பு போட்டு உலர்த்துவதை முப்பது முறை செய்தார்கள். ஒரு தொகுதி தானாக உலர்ந்தது. மற்றவை ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளி 47 டிகிரியிலும், 10 சென்டிமீட்டரில் 61 டிகிரியிலும், 5 சென்டிமீட்டரில் 95 டிகிரியிலும் உலர்த்தப்பட்டன. சூடு கூடக் கூட மேல் செதில்கள் கெட்டன, இதில் வியப்பில்லை. ஆனால் செதிலையும் நாரையும் ஒட்டிவைக்கும் அந்தக் கொழுப்புப் படலம் கெட்டது தானாக உலர்ந்த தொகுதியில் மட்டும்தான். நீண்ட நேரம் பருத்தே கிடந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி ட்ரையர் பிடிப்பது தானாக உலரவிடுவதைவிடக் குறைந்த சேதம் தரும் என்று முடித்தார்கள். வெட்டிய கற்றையில் நடந்த ஒரே ஆய்வை வைத்து எல்லாருக்கும் ட்ரையரைப் பரிந்துரைக்க முடியாது. தோள்வரை முடி உள்ளவருக்குச் சித்திரை வெயிலில் அது அரைமணியில் உலர்ந்துவிடும், ட்ரையர் தேவையும் இல்லை. ஆனால் மார்கழிக் காலையில் அடர்ந்த முடியோடு தலை குளித்துவிட்டு, எட்டு மணிக்குள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். சீருடை விதிப்படி ஈர முடியை இழுத்து இரட்டை ஜடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியாக வேண்டும். நனைந்த முடி உலர்ந்ததைவிட அதிகம் இழுபடும், எளிதில் அறும். பின்னலுக்குள் மாட்டிய ஈரம் மாலைவரை உலராது. முடி ஒடிகிறது, தலை நாறுகிறது என்று புகார் வரும்போது வீட்டில் பழி ஷாம்புவின் மேல் விழுகிறது. அந்தப் பெண்ணுக்கு மிதமான சூட்டில் பத்து நிமிட ட்ரையர் கேடு இல்லை, உதவி. அதைவிட மலிவான வழி தலைக்குளியலை முந்திய மாலைக்கு மாற்றுவது; ஆனால் இரவில் ஈரத்தலையோடு படுத்தால் சளி பிடிக்கும் என்ற அச்சம் அதை நம் வீடுகளில் நடக்கவிடாது.

சாம்பிராணி இயற்கை, இயந்திரம் செயற்கை என்று பிரிப்பதிலும் பொருளில்லை. முடிக்குத் தெரிவது வெப்பநிலையும் நேரமும்தான். தணலுக்கும் கூந்தலுக்கும் இடையே கூடையின் உயரம் இருந்தது. சூடு மெல்லப் பரவியது. அதனால் அந்த முறை முடியைக் கெடுக்கவில்லை. அந்தத் தூரம் ட்ரையரிலும் கிடைக்கும். புகை ஒருபடி பின்தங்கியதுதான்: முடிக்குத் தீங்கில்லாத அது நெஞ்சுக்குத் தீங்கானது, கைக்குழந்தைகளுக்குச் சாம்பிராணி காட்ட வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். வெயிலும் சாது இல்லை. நெடுநேர வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் நிறத்தையும் அரிக்கிறது.

ட்ரையரின் கதை வேறு, இரும்பின் கதை வேறு. ட்ரையர் நீரை விரட்டுகிறது. ஸ்ட்ரெய்ட்னர் உலர்ந்த இழையை நேராக நெரித்து வடிவம் மாற்றுகிறது. முடியின் புரதச் சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டிலும் நீரிலும் விட்டு, ஆறும்போது புதிய வடிவில் மீண்டும் பிடிக்கின்றன. நீரால் அவிழும் பிணைப்பு என்பதால் காற்றின் ஈரமே அதை அவிழ்க்கப் போதும். நெய்வேலிப் பக்கத்து ஐப்பசிக் காற்றில் காலையில் நேராக்கிய முடி மதியத்துக்குள் சுருளத் தொடங்குவது இரும்பின் குறையன்று, காற்றின் இயல்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் சூட்டைக் கூட்டுவதில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. 180-இல் நிற்காத வடிவம் 220-இலும் அந்த ஈரக்காற்றில் நிற்காது. ஆனால் 220-இல் புரதம் வேகமாகச் சிதையும். மெல்லிய முடிக்கு 150 அளவும், தடித்த சுருட்டைக்கு 180 அளவும், கற்றைக்கு ஒரே இழுப்பும் போதும். ஒரே இழுப்பில் நேராகவில்லை என்றால் கற்றை தடிமன் என்று பொருள். பாதியாகப் பிரிக்க வேண்டுமே தவிர ஐந்து முறை இழுக்கக் கூடாது. எண்ணே இல்லாமல் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும் மலிவுக் கருவிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை எந்தச் சூட்டில் நிற்கின்றன என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 1870களில் பாரிஸில் மார்செல் கிராதோ அடுப்பில் காய்ச்சிய இடுக்கியால் அலை முடி வைத்துப் புகழ்பெற்ற காலத்திலேயே, இடுக்கியை முதலில் தாளில் வைத்துப் பார்த்து, தாள் கருகினால் ஆறவிடுவது தொழில் வழக்கமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தத் தாள்கூட இல்லாமல் முடியில் நேரே வைக்கிறோம். பூச்சு மருந்து இருக்கிறதே என்பார்கள். சிலிக்கோனும் சில பாலிமர்களும் கொண்ட வெப்பக் காப்புப் பூச்சுகள் உண்மையிலேயே பயன் தருகின்றன. சூடு பரவுவதைத் தாமதப்படுத்தி ஒடிவைக் குறைக்கின்றன. ஆனால் அவை சூட்டைத் தடுப்பதில்லை. பூச்சு போட்டுவிட்டோம் என்ற துணிச்சலில் இருபது டிகிரி கூட்டுபவருக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. தண்ணீர் கலந்த பூச்சைத் தெளித்த கையோடு இரும்பை வைப்பவர் முன்பு சொன்ன ஈரத்துக்கே திரும்பிவிடுகிறார்.

எண்ணெயின் இடத்தையும் சரியாக வகுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பற்றிய நம் பெருமைக்கு நல்ல ஆதாரம் உண்டு. மும்பை ஆய்வாளர்கள் ரேலே, மொஹிலே 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளியலுக்கு முன்னும் பின்னும் பூசியபோது முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. இழைக்குள் புக முடிகிறது, நீர் அதிகம் ஏறாமல் காக்கிறது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் முடிவு வேதியியலோடு பொருந்துகிறது. ஆகவே எண்ணெய்க்கு உரிய இடம் குளியலுக்கு முன். இரும்புக்கு அடியில் அதற்கு வேலை இல்லை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி அளவிலேயே புகையத் தொடங்கும். எண்ணெய்த் தலையில் ஸ்ட்ரெய்ட்னர் வைப்பது முடியைக் காப்பதாகாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் முடி கொட்டினால் தமிழ்நாட்டில் முதல் பழி போர்த் தண்ணீருக்குத்தான். நெய்வேலிப் பகுதியில் இது கூடுதல் சூட்டோடு பேசப்படும். சுரங்கத்துக்குள் நீர் புகாமல் இருக்க நிலத்தடி நீர் இடைவிடாமல் இறைக்கப்படும் இடம் அது, நீரின் அளவு குறித்தும் தரம் குறித்தும் மக்களுக்கு நியாயமான கவலைகள் உண்டு. ஆனால் கடினநீர் முடியின் வலுவைக் குறைக்கிறதா என்ற குறுகிய கேள்விக்குக் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனையினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வடிநீரில் நனைத்த முடிக்கும் கடினநீரில் நனைத்த முடிக்கும் இழுவலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. பின்னர் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு வலிமை குறைவதாகக் கண்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. சொரசொரப்பும் சிக்கும் கூடுகிறது என்பது மட்டும் அனுபவத்தில் தெரிவது, சிக்கு கூடினால் இரும்பை அதிகம் இழுக்கத் தோன்றும். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பிரித்துவிடலாம். சூடு முடியை ஒடிக்கும், வேரோடு உதிர்க்காது. வெண்குமிழோடு முழு நீளமாக உதிர்ந்தால் அது உடலின் செய்தி. துண்டுதுண்டாக வந்தால் இரும்பின் செய்தி. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கும்போது, உதிரும் முடிக்கு ஸ்ட்ரெய்ட்னரை மட்டும் குற்றஞ்சாட்டினால் இரத்தப் பரிசோதனை தள்ளிப்போகும்.

தினமும் சூடு வைப்பதைவிட ஒரேயடியாக நிரந்தர ஸ்ட்ரெய்ட்னிங் செய்துவிட்டால் முடிக்கு ஓய்வு கிடைக்காதா என்பதே நான் கேட்கும் எதிர்வாதங்களில் வலுவானது. கணக்குப் போட்டால் சரியென்றே தோன்றும். ஆனால் அந்த நிரந்தரம் இரும்பை விலக்குவதில்லை. வேதிப்பொருளைத் தடவி அதன்மேல் உச்சச் சூட்டில் இரும்பை வைப்பதே செய்முறை. ரீபாண்டிங் முடியின் கந்தகப் பிணைப்புகளையே உடைத்து மாற்றுகிறது. வேரில் சுருட்டை மறுபடி முளைக்கும்போது திருத்தம் செய்யப் போனால் பழைய பகுதியில் மீண்டும் படுகிறது. கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் ஃபார்மால்டிஹைடு இல்லை என்று லேபிள் சொன்ன பொருள்களிலேயே அது ஏராளமாக இருந்ததை 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பணிப் பாதுகாப்புத் துறை கண்டது. புற்றுநோய் ஆக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது. இரும்பின் சூட்டில் ஆவியாகி, வாடிக்கையாளரைவிட நாள் முழுதும் அங்கே நிற்கும் பார்லர் ஊழியரின் மூச்சில்தான் அதிகம் போகிறது. அதற்கு மாற்றாக வந்த கிளைஆக்சாலிக் அமிலமும் சாதுவாக இல்லை. இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை ஸ்ட்ரெய்ட்னிங்குக்குப் பின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 26 பேரை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிரான்ஸில் 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என மூன்று முறை ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொண்டு மூன்று முறையும் அதே பாதிப்புக்கு ஆளானதும், அந்தக் களிம்பை எலிகளின் தோலில் தடவியபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உருவானதும் 2024-இல் வெளியாயின. மலிவு ஸ்ட்ரெய்ட்னரை நான் எவ்வளவு குறை சொன்னாலும், அது சிறுநீரகத்தைத் தொடுவதில்லை.

எல்லாம் வளர்ந்துவிடும் முடிதானே, ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவருக்குப் பாதி இசையலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்துவரை வெட்டிக்கொள்பவர் மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பாதியைப் புறக்கணிக்கலாம். நீளத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை நன்கு அறிந்தது சந்தை. திருப்பதியில் காணிக்கையாகும் முடி உலகச் சந்தையில் தேடப்படுவது நீளத்தால் மட்டுமில்லை. சாயமும் ரசாயனமும் அதிகம் காணாத, செதில் ஒரே திசையில் கிடக்கும் முடி என்பதாலும்தான். சுருட்டை முடிக்காரருக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. இரும்பு வைத்த முடியை அலசியபின் பழைய சுருள் முழுதாகத் திரும்ப வேண்டும். நுனியில் சில கற்றைகள் மட்டும் அரைநேராகத் தொங்கினால் அங்கே புரதம் மாறிவிட்டது. எந்த மாஸ்க்கும் அதைத் திருப்பாது, கத்தரிக்கோல்தான் மிச்சம்.

ஈரமும் சூடும் மிக மோசமாகச் சந்திக்கும் இடம் நம் ஊர்க் கல்யாணம். முந்திய மாலை வரவேற்புக்குக் கர்லிங் வைத்து, ஸ்ப்ரே அடித்து, ஊசி குத்திய தலை. விடியலுக்கு முன்னே நலங்கு எண்ணெயும் மங்கல நீராட்டும். ஐந்து மணிக்கு முகூர்த்தம் என்றால் நாலு மணிக்கு மணப்பெண்ணின் தலை சொட்டச் சொட்ட இருக்கிறது. பார்லர்காரர் கையில் இருப்பது ஒரு மணிநேரமும் இரும்பும். உள்ளே ஊறிய முடி, மேலே எண்ணெய், அதற்கும் மேல் நேற்றைய ஸ்ப்ரே, அதன்மேல் இருநூறு டிகிரி. இதைத் தவிர்க்கச் சடங்கை விட வேண்டியதில்லை. முகூர்த்தத்துக்குச் சவுரி வைத்து, பூவும் ஜடைநாகமும் சுற்றிய பின்னல்தான் வரப்போகிறது. பின்னலுக்கு நேராக்கிய முடி தேவையே இல்லை, மிதமான சூட்டில் ட்ரையர் பிடித்து வேர்வரை உலர்ந்தால் போதும். தலைக்கு நீரை முழுக ஊற்றாமல் உச்சியில் மூன்று கை ஊற்றி முடிக்கும் வீடுகளும் இருக்கின்றன, அத்தைமார் ஒப்புக்கொண்டால் அதுவே மேல். வரவேற்புக் கர்லிங்கை அன்று காலையே குளித்து நன்கு உலர்ந்த முடியில் வைக்கச் சொல்லலாம். பேசிமுடிக்கும்போது பார்லர்காரரிடம் சேலை மடிப்புக்கும் மேக்கப்புக்கும் விலை கேட்கிறோம். இரும்பை எத்தனை டிகிரியில் வைப்பீர்கள் என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.